டி-செல் வளர்ப்புக் குடுவை

மனித இரத்தத்தில் உள்ள டி-செல்கள் எனும் நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களை உடலுக்கு வெளியே, 37 டிகிரி செல்சியஸில் வளர்க்கும் பிளாஸ்டிக் குடுவை. இளஞ்சிவப்புத் திரவம் அவற்றின் உணவு. அணுக்கள் பெருகினால் அமிலம் கூடித் திரவம் மஞ்சளாகும். உடனே திரவத்தை மாற்ற வேண்டும்.

1960இல் அமெரிக்க மருத்துவர் பீட்டர் நோவல், சிவப்பணுக்களை அகற்ற வழக்கமாகப் பயன்படுத்திய பீன்ஸ் விதைச் சாறே வெள்ளையணுக்களைப் பிரிந்து பெருகத் தூண்டுவதைக் கண்டார். எதிர்பாராத பயன்தான்! 1976இல் கண்டறியப்பட்ட இன்டர்லூகின்-2 என்ற புரதம், டி-செல்களை நீண்டகாலம் வளர்க்க உதவியது. இன்று சில இரத்தப் புற்றுநோய்களுக்கு நோயாளியின் டி-செல்களையே மாற்றியமைத்து, வளர்த்து, திரும்பச் செலுத்துகிறார்கள்.



இங்குள்ள குடுவையில் அணுக்கள் இல்லை. திரவம் காட்சிக்கு மட்டுமே.