எண்களால் எழுதும் படம்

நுழையும்முன்

சி மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் திரையில் ஒரு சொல்லை அச்சிடுகிறார். பின்னர் இரண்டு எண்களைக் கூட்டுகிறார். மதிப்பெண்களின் சராசரியைக் காண்கிறார். சில வாரங்களில் அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது: ‘இம்மொழியால் ஒரு படம் வரைய முடியுமா?’ முடியும். அதற்கு இரண்டு மடக்குகளும் ஒரு நிபந்தனையும் போதும். எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வரையும் கட்டளை இல்லாத மொழி

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது சி மொழி. இதன் செந்தர நூலகத்தில் கோடு வரையவோ வட்டம் வரையவோ செயற்கூறு எதுவும் இல்லை. டாஸ் இயக்க அமைப்பின் காலத்தில் பரவலாக வழங்கிய டர்போ சி, ‘கிராஃபிக்ஸ்’ என்னும் தலைப்புக் கோப்பைத் தனியே அளித்தது. பழைய நூல்களில் உள்ள படம் வரையும் நிரல்கள் பலவும் அதனை நம்பியே எழுதப்பட்டவை. அவற்றை இன்றைய நிரல்பெயர்ப்பியில் அப்படியே இட்டால், அத்தலைப்புக் கோப்பு இல்லை என்னும் பிழைச்செய்தியே பெரும்பாலும் கிடைக்கும். தாம்தாம் தவறிழைத்துவிட்டதாக எண்ணி மாணவர் சோர்ந்துவிடுகிறார். தவறு அவருடையதன்று, கருவிதான் காலத்தால் பின்தங்கிவிட்டது. ஆனால், எண்களை அச்சிடத் தெரிந்த எந்த நிரலாலும் படம் வரைய முடியும்.

படம் என்பது எண்களின் வரிசை

கணினித் திரையில் தோன்றும் எந்தப் படமும் சிறுசிறு சதுரப் புள்ளிகளின் தொகுப்பேயாகும். இவற்றைப் படப்புள்ளிகள் அல்லது பிக்சல்கள் என்பர். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எண்ணால் குறித்து, அவ்வெண்களை வரிசையாக எழுதிவைத்தால் அதுவே படக்கோப்பு.

1980-களில் ஜெஃப் போஸ்கான்சர் என்பவர், கறுப்பு வெள்ளைப் படங்களை மின்னஞ்சலில் வெறும் எழுத்துகளாகவே அனுப்பும் வகையில் ‘பிபிஎம்’ என்னும் எளிய வடிவத்தை அமைத்தார். அதன் முதல் வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘பி’யும் அதனையொட்டி 1 என்னும் எண்ணும் இருக்கும். அடுத்த வரி படத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூறும். அதன்பின் வருபவை புள்ளிகள்: கறுப்புக்கு 1, வெள்ளைக்கு 0.

இனி, கீழ்க்காணும் எண்களைச் சற்றுத் தொலைவில் வைத்துப் பாருங்கள்.

5 5
1 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 1 1 1 1

1 என்னும் எண்கள் நிற்கும் இடங்களை மட்டும் கண்ணால் தொடர்ந்தால் ‘ட’ என்னும் எழுத்து தெரிகிறதன்றோ? முதல் வரியையும் சேர்த்து இதனைக் கோப்பாகச் சேமித்து, கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் அவ்வெழுத்தே படமாகத் தோன்றும்.

வண்ணம் சேர்த்தல்

வண்ணப்படத்திற்கு முதல் வரியில் 1-க்கு மாற்றாக 3 வரும். அகல உயரங்களை அடுத்து, நிறச்செறிவின் உச்ச அளவாக 255 என எழுத வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவுகள் மூன்று எண்களாக அமையும். 255 255 255 வெள்ளை. 0 0 0 கறுப்பு. 255 255 0 மஞ்சள்.

கணினிக்கு வட்டம் தெரியாது

எடுத்துக்காட்டாக, ஜப்பான் நாட்டுக் கொடியை வரைவோம். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அக்கொடியின் உயரமும் அகலமும் 2:3 என்னும் விகிதத்தில் அமையும். நடுவிலுள்ள செவ்வட்டத்தின் விட்டம், உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு. அகலம் 300, உயரம் 200 எனக் கொண்டால் விட்டம் 120, ஆரம் 60, மையம் இடமிருந்து 150, மேலிருந்து 100. கணிதப் பாடத்தில் மேல்நோக்கி வளரும் அச்சு, படக்கோப்பில் கீழ்நோக்கி வளரும் என்பதை நினைவில் கொள்க.

‘வட்டம் வரை’ என்றால் கணினிக்குப் புரியாது. வட்டம் எதுவென்று நாமே கூற வேண்டும். மையத்திலிருந்து ஆரத்தின் அளவுக்கு மேல் விலகாத புள்ளிகளெல்லாம் வட்டத்தினுள் உள்ளவை. அத்தொலைவைக் காணப் பிதாகரஸ் தேற்றம் துணைநிற்கிறது. நிரலின் படிகள் வருமாறு:

1. கோப்பைத் திறந்து, வடிவக் குறியீடு, அகலம், உயரம், 255 ஆகியவற்றை எழுதுக.
2. வரிசை 0 முதல் 199 வரை வெளி மடக்கு. அதனுள், நிரை 0 முதல் 299 வரை உள் மடக்கு.
3. கிடைத்தொலைவு = நிரை – 150; செங்குத்துத் தொலைவு = வரிசை – 100.
4. இவ்விரண்டின் வர்க்கங்களின் கூடுதல் 3600-ஐ விட மிகாதெனில் 188 0 45 (சிவப்பு) என எழுதுக. மிகுமெனில் 255 255 255 என எழுதுக.
5. மடக்குகள் முடிந்தபின் கோப்பை மூடுக.

சான்றாக, நிரை 190, வரிசை 130-இல் உள்ள புள்ளிக்குத் தொலைவுகள் 40, 30. வர்க்கங்களின் கூடுதல் 2500, எனவே சிவப்பு. நிரை 200, வரிசை 140 எனில் கூடுதல் 4100, எனவே வெள்ளை. இவ்வாறு 60,000 புள்ளிகளுக்கும் இதே வினா எழுப்பப்படுகிறது. விடைகள் ஒன்றுசேர்ந்தே வட்டமாகின்றன.

கண்ணுக்குத் தெரியும் பிழை

சராசரி காணும் நிரலில் பிழை நேர்ந்தால் தவறான எண் ஒன்று கிடைக்கும். அது தவறென்றே நாம் அறியாமல் போகலாம். படத்திலோ பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். உள் மடக்கின் நிபந்தனையில் ‘<’ குறிக்கு மாற்றாக ‘<=’ இட்டுவிட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் 301 புள்ளிகள் எழுதப்படும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட ஒரு புள்ளி வலப்புறம் நகரும். வட்டம் சாய்ந்து, வலப்புற விளிம்பில் வெட்டுண்டு, எஞ்சிய பகுதி இடப்புறத்தில் தலைகாட்டும்.

வர்க்கத்திற்கு ‘^’ குறியை இடுவதும் தொடக்கநிலையில் நேரும் பிழையே. சி மொழியில் அது அடுக்குக்குறி அன்று. இருநிலை எண்களின் இலக்கங்களை ஒப்பிடும் செயற்குறி. 3 ^ 2 என்பதன் விடை 9 அன்று, 1. எனவே வர்க்கம் காண எண்ணை அதே எண்ணால் பெருக்குக. படம் சிதைந்து வந்தால் அழித்துவிடாதீர்கள். எவ்வகையில் சிதைந்துள்ளது என்று உற்றுநோக்குங்கள். பிழை எந்த வரியில் உள்ளதென்பதை அச்சிதைவே உணர்த்தும்.

ஆயத்த மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் வட்டம் நொடியில் வந்துவிடும். ஆனால், வட்டம் என்றால் என்ன என்று அங்கே யாரும் நம்மைக் கேட்பதில்லை. நிரல் எழுதும்போது அவ்வினாவுக்கு விடை கூறாமல் ஒரு புள்ளியையும் இட இயலாது. குறிப்பேட்டில் மனப்பாடமாகக் கிடந்த தேற்றம் அப்போதுதான் நம்முடையதாகிறது.

செய்து காண்க

வங்கதேசக் கொடி பச்சை நிறத்தது. அகலமும் உயரமும் 10:6 விகிதத்தில் அமைந்தவை. செவ்வட்டத்தின் ஆரம், அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மையம் இடமிருந்து அகலத்தின் இருபதில் ஒன்பது பங்கிலும், உயரத்தின் நடுவிலும் இருக்கும். அகலம் 300 எனக் கொண்டு, மேற்கண்ட படிகளில் எந்தெந்த எண்கள் மாறும், எவை மாறா என முதலில் தாளில் எழுதுக. பின்னர் நிரலை இயக்கி, எழுதியது சரியா என்பதைப் படத்தில் காண்க.