தலைக்கு மேல் ஒட்டிய கண்ணாடி

மின்சாரக் காரின் கண்ணாடிக் கூரை உடைந்துவிட்டால் அதை மாற்றுவதைக் கதவுக் கண்ணாடி மாற்றுவது போன்ற சில்லறை வேலையாகக் கருதும் பழக்கம், கார் வைத்திருப்போரிடம் மட்டுமல்லாமல் பட்டறைகள் பலவற்றிலும் இருக்கிறது. கதவுக் கண்ணாடி தன் பள்ளத்துக்குள் ஏறி இறங்கும் தனிப்பொருள். அது இல்லாவிட்டாலும் காரின் உடற்கூடு பலமிழப்பதில்லை. திறந்து மூட முடியாதபடி நிலையாகப் பொருத்தப்பட்ட கண்ணாடிக் கூரையோ, உடற்கூட்டின் இரு பக்க விட்டங்களுக்கும் முன்பின் குறுக்குச் சட்டங்களுக்கும் இடையே பசையால் ஒட்டப்பட்டு, பள்ளம் மேடுகளில் கார் முறுக்கப்படும்போது எழும் விசையை அவற்றோடு பங்கிட்டுக்கொள்ளும் உறுப்பாகும். ஆகவே அதை மாற்றுவது உடற்கூட்டு வேலையில் சேரும். அந்த வேலையிலும் கண்ணாடியின் பங்கைவிட, விளிம்பைச் சுற்றி ஓடி வெளியே தெரியாமல் மறைந்துவிடும் பசையின் பங்கே பெரிது.

மின்சாரக் கார்களில் இவ்வகைக் கூரை பரவியதற்கு அழகு மட்டும் காரணமன்று. பேட்டரித் தொகுப்பு தரைக்கு அடியில் பரப்பப்படுவதால் தரை மட்டம் உயர்கிறது. ஒரு சார்ஜில் அதிக தூரம் ஓட வேண்டுமானால் காற்றின் தடையைக் குறைக்கக் கூரையைத் தாழ்த்தவும் வேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே குறைந்துபோவது பயணியின் தலைக்கு மேலுள்ள இடம். தகரக் கூரையென்றால் அதன் அடியில் குறுக்குச் சட்டங்கள், ஒலியை அடக்கும் பஞ்சு, உள்துணி என்று சில சென்டிமீட்டர் போய்விடும். கண்ணாடி அந்த அடுக்குகளை விலக்கி, இழந்த இடத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. 2017இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா மாடல் 3 இந்த வடிவமைப்பைப் பெருந்தொகையான வாங்குவோரிடம் கொண்டு சேர்த்தது. அதன் கூரை இரண்டு கண்ணாடிகளாகப் பிரிந்திருக்க, அடுத்து வந்த மாடல் ஒய் காரில் முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கை வரை ஒரே கண்ணாடி நீள்கிறது. இந்தியச் சாலைகளில் எம்ஜி விண்ட்சர், 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ ஆகியவற்றின் உயர்நிலை வகைகள் இதே வழியில் வந்தவை.

கண்ணாடி என்றால் எடை குறைவு என்று பலர் எண்ணுவது தவறு. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12.5 கிலோ எடையுள்ளது. கூரைக்குப் பயன்படும் 0.7 மில்லிமீட்டர் எஃகுத் தகடு அதே பரப்புக்கு ஐந்தரை கிலோவைத் தாண்டாது. காரின் மிக உயரமான இடத்தில் இத்தனை எடையை ஏற்றுவது பெட்ரோல் காரில் நிலைத்தன்மையைப் பாதிக்கக் கூடியது. மின்சாரக் காரிலோ தரைக்கடியில் கிடக்கும் சில நூறு கிலோ பேட்டரி அந்தக் குறையை ஈடுசெய்துவிடுவதால், வடிவமைப்பாளர்கள் துணிந்து கண்ணாடியை ஏற்றியிருக்கிறார்கள்.

கூரை உடைந்ததும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது எவ்வகைக் கண்ணாடி என்பதுதான். கார்களில் இரண்டு வகைப் பாதுகாப்புக் கண்ணாடிகள் உள்ளன. ஒன்று டஃபண்ட் எனப்படும் கடினமாக்கிய கண்ணாடி. 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றிய தகட்டின் இரு பக்கத்திலும் காற்றைப் பீய்ச்சி மேற்பரப்பை விரைந்து குளிர்வித்தால், மேற்பரப்பு இறுகி அழுத்தத்திலும், பின்னர் குளிரும் நடுப்பகுதி இழுவிசையிலும் நிலைத்துவிடுகின்றன; இதனால் கண்ணாடியின் வலிமை பல மடங்கு கூடுகிறது, ஆனால் ஓரிடத்தில் அந்தச் சமநிலை குலைந்தால் தகடு முழுவதும் சிறு சிறு மணிகளாகச் சிதறிவிடுகிறது. மற்றொன்று லேமினேட்டட் எனப்படும் அடுக்குக் கண்ணாடி. 1909இல் பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ் காப்புரிமை பெற்ற இம்முறையில், இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்படுகிறது. அவர் செல்லுலாய்டைப் பயன்படுத்தினார், இன்று பாலிவினைல் பியூட்டிரால் என்னும் படலம் பயன்படுகிறது. இது உடைந்தாலும் சில்லுகள் படலத்தோடு ஒட்டியே இருக்கும்.

சன்ரூஃப்களில் நெடுங்காலம் ஆண்டது டஃபண்ட் கண்ணாடிதான். எந்த அடியும் படாமல், சில நேரம் நிறுத்தி வைத்த காரிலேயே கூட, அது பெருத்த ஓசையுடன் வெடிப்பது உண்டு. இதைப் பேய் வேலை என்பவர்களுக்கு வேதியியல் விடை வைத்திருக்கிறது. கண்ணாடி உருக்கும்போது கலந்துவிடும் நிக்கல் சல்ஃபைடு என்னும் நுண்துகள், உயர் வெப்பத்தில் சுருங்கிய படிக வடிவத்தில் இருக்கிறது; விரைந்து குளிர்விக்கும்போது அந்த வடிவிலேயே சிறைப்பட்டு, பின்னர் மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ மெல்ல மெல்லப் பருத்து, இழுவிசையிலுள்ள நடுப்பகுதியில் அமைந்திருந்தால் ஒரு நாள் தகட்டையே பிளந்துவிடுகிறது. விளிம்பில் பட்ட பழைய சிறு அடியும் இதே விளைவைத் தரலாம். மின்சாரக் கார்களின் பெரிய நிலைக் கூரைகளில் அடுக்குக் கண்ணாடி இடம்பிடித்ததற்கு இத்தகைய வெடிப்புகள் குறித்த அச்சமும், ஓசையையும் வெப்பத்தையும் தடுக்கும் அதன் திறனும் சேர்ந்தே காரணம்.

அடுக்குக் கண்ணாடியின் வெளித்தகட்டில் மட்டும் கல் பட்டு, ஒரு நாணய அளவுக்குள் சில்லு பெயர்ந்திருந்தால், அந்த இடத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிசின் செலுத்திப் புற ஊதா விளக்கால் இறுகச் செய்து பிழைக்கவைக்க முடியும். விரிசல் விளிம்பைத் தொட்டுவிட்டாலோ உள்தகடும் சேர்ந்து உடைந்திருந்தாலோ அதற்குமேல் பழுதுபார்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. டஃபண்ட் கண்ணாடிக்கோ பழுதுபார்ப்பு என்பதே கிடையாது. அதை வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், அளவுக்கேற்ப வெட்டிப் பொருத்தித் தருகிறோம் என்று எவரேனும் சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுவது நல்லது.

மாற்றும் வேலை காருக்குள்ளே தொடங்குகிறது. தலைக்கு மேலுள்ள உள்துணிப் பலகை, அதாவது ஹெட்லைனர், கீழே இறக்கப்படுகிறது. தூண்களின் மேலுறைகளும் விளக்குகளும் கழற்றப்படுகின்றன. உயர்மின்னழுத்தக் கேபிள்கள் பொதுவாகக் கூரை வழியே ஓடுவதில்லை என்பதால், மின்சாரக் கார் என்ற அச்சம் இங்கு அவ்வளவாகத் தேவையில்லை. உண்மையில் அஞ்ச வேண்டியது பக்க விட்டத்தின் நீளத்துக்குச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் கர்ட்டன் ஏர்பேக்கைத்தான். அறுக்கும் கம்பி அதன் உறையைக் கீறினால் விபத்தின்போது அது விரியும் விதமே மாறிவிடும். அதனால் 12 வோல்ட் துணை பேட்டரியின் இணைப்பைத் துண்டித்து, உற்பத்தியாளர் குறித்துள்ள நேரம் வரை காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும். போர்ஷே டைகான் கார்கள் சிலவற்றில் கூரைக் கண்ணாடி ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து, மின்சாரம் செலுத்தும் விதத்துக்கேற்பத் தெளிவாகவும் மங்கலாகவும் மாறக்கூடியது என்பதால், அதற்கான மின்னிணைப்புகளையும் கழற்றி மாட்ட வேண்டும்.

பிறகு அறுப்பு. கண்ணாடிக்கும் உடற்கூட்டுக்கும் இடையிலுள்ள பழைய பசையில் ஓரிடத்தில் ஊசியால் துளையிட்டு, முறுக்கிய எஃகுக் கம்பியையோ செயற்கை இழையையோ உள்ளே நுழைத்து, பார் சோப்பை நூல் கொடுத்து அறுப்பதைப் போல விளிம்பு நெடுகிலும் இழுத்து அறுக்கிறார்கள். கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளையைக் கண்ணாடியின் உள்பக்கத்தில் வாக்யூம் கப்பால் பதித்துவிட்டால் இந்த வேலையை ஒருவரே செய்துவிடலாம். இழை, பெயின்ட்டைக் கீறுவதில்லை, கம்பி கீறும். பெயின்ட் கீறிய இடம் பசைக்கடியில் மறைந்து, வெளியே எதுவும் தெரியாமல் துருப்பிடித்து, பசையையே உடற்கூட்டிலிருந்து பெயர்த்துவிடக் கூடும் என்பதால், ஒவ்வொரு கீறலையும் தேடிப்பிடித்துக் கறுப்பு பிரைமர் பூச வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படும் பட்டறைதான் பின்னாளில் கூரை ஒழுகும் கார்களை உருவாக்குகிறது.

பழைய கண்ணாடி நீங்கியதும் பழைய பசையைச் சுரண்டி உலோகம் தெரியும்வரை துடைத்தெடுப்பதே நேர்த்தி என்று தோன்றும். கைதேர்ந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. தொழிற்சாலையில் ஒட்டிய பசை பெயின்ட்டோடு கொண்ட பிடிப்பைப் பட்டறையில் மீண்டும் உண்டாக்குவது கடினம் என்பதால், ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு அதை விட்டுவைத்துச் சீராகச் சீவுகிறார்கள். புதிதாகச் சீவப்பட்ட அந்தப் பரப்பின் மேல் புதிய பசை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தூசியோ கையெண்ணெயோ படாதிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பசை என்பது பாலியூரிதேன். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இறுகும் தன்மையுள்ளது. புதிய கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி அச்சிட்டுச் சுட்டிருக்கும் கறுப்புப் பட்டை வெறும் அலங்காரமன்று: வெயிலின் புற ஊதாக் கதிர் பசையைத் தாக்கி அரித்துவிடாமல் மறைப்பதும் அதுவே, பசை பற்றிக்கொள்ளும் பரப்பும் அதுவே. அந்தப் பட்டையைத் துடைத்து, பிடிப்பை ஊக்கும் திரவத்தையும், உற்பத்தியாளர் சொல்லியிருந்தால் பிரைமரையும் பூசி, காய விட்ட பிறகு, குழாயின் நுனியில் ‘வி’ வடிவில் வெட்டிய வாய் வழியாகப் பசையை முக்கோண முகடாக ஒரே ஓட்டத்தில் இட்டுச்செல்ல வேண்டும். முகடு எங்கும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் கண்ணாடியை அழுத்தும்போது இடைவெளியின்றிப் பரவும். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரும் முனையை மூலையில் வைக்கக் கூடாது, விரலால் தடவி ஒன்றாக்கவும் வேண்டும். மேற்பரப்பில் ஆடை படரத் தொடங்கும் சில நிமிடங்களுக்குள், இருவர் வாக்யூம் கப்பைப் பிடித்துக் கண்ணாடியைத் தூக்கி, நாற்புற இடைவெளியும் சமமாக இருக்கும்படி ஒரே முறையில் இறக்க வேண்டும். சரியாக அமரவில்லை என்று மறுபடி தூக்கினால் பசைக்குள் காற்று புகுந்துவிடும்.

பிரைமரைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 நவம்பரில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் அறிவித்த திரும்பப் பெறுதல் ஒரு சான்று. 2016ஆம் ஆண்டு மாடல் எக்ஸ் கார்கள் 9,136இல், கூரைப் பகுதியில் ஒட்டப்பட்ட அலங்காரப் பட்டைகள் பிரைமர் இல்லாமல் ஒட்டப்பட்டிருக்கக்கூடும் என்றும், ஓட்டத்தின்போது அவை பிரிந்து பறக்கக்கூடும் என்றும் நிறுவனம் தெரிவித்தது. இத்தனைக்கும் அவை எடை தாங்காத வெறும் பட்டைகள்.

பசை இறுகும் நேரத்தை மனிதர் விரும்பியபடி சுருக்க முடியாது. ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் அது விரைந்து இறுகும். குளிரும் வறட்சியும் சேர்ந்த இடத்தில் தாமதிக்கும். ஓட்டுவதற்குப் பாதுகாப்பான குறைந்தபட்ச நேரத்தைப் பசைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார், முழுமையாக இறுகுவதோ அதற்குப் பிறகு ஒரு நாளோ அதற்கு மேலோ நீளும். அந்த இடைக்காலத்தில் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினால், உள்ளே அடைபடும் காற்று கூரையை மேல்நோக்கித் தள்ளும் என்பதால், ஒரு ஜன்னலைச் சற்றே இறக்கி வைக்கச் சொல்வது வழக்கம். கார் ஒப்படைக்கப்படும் முன் கூரை விளிம்பில் தண்ணீரைப் பாய்ச்சி, உள்துணி மாட்டப்படுவதற்கு முன்பே கசிவு பார்த்துவிட வேண்டும்.

இனிக் கண்ணாடித் தேர்வு. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பூச்சுள்ள கறுப்புக் கண்ணாடியும் பூச்சில்லாததும் ஒன்றுபோலவே தோன்றும். வெயிலில் அவற்றின் குணம் வேறு. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்பதைக் கொண்டு அது வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்று சொல்ல முடியாது. நுண்ணிய உலோகப் பூச்சோ தனிப் படலமோ அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்கிறது. நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரை மீது சுமார் ஒரு கிலோவாட் விழுகிறது. அதில் கூடுதலாக உள்ளே வரும் ஒவ்வொரு பங்கையும் ஏசி விரட்டியாக வேண்டும், அந்த ஏசி மின்சாரக் காரில் ஓட்டத்துக்குரிய பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. விலை மலிவென்று பூச்சில்லாத மாற்றுக் கண்ணாடியைப் போட்டவர் அந்த மிச்சத்தைக் கோடைதோறும் சார்ஜாகத் திருப்பிச் செலுத்துவார். கண்ணாடியின் மூலையில் பொறித்துள்ள குறிகளைப் படிக்கும் பழக்கம் இங்கே உதவும்: ஐரோப்பிய ஒப்புதலில் 43ஆர் என்ற எண்ணும், ஒளி 70 விழுக்காட்டுக்குக் குறைவாகவே ஊடுருவும் என்பதைக் காட்டும் ரோமன் எண் ஐந்தும், அமெரிக்கக் கண்ணாடியில் ஏஎஸ்3 என்ற குறியும், இந்தியாவில் ஐஎஸ் 2553 தர முத்திரையும் இருக்கின்றனவா என்று பழைய கண்ணாடியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அகச்சிவப்புப் பூச்சைப் பற்றி இக்குறிகள் எதுவும் சொல்வதில்லை. அதற்கு உற்பத்தியாளரின் பாக எண் ஒன்றே வழி.

செலவைப் பொறுத்தவரை இந்தியக் காப்பீட்டு நடைமுறையில் ஒரு சிறு விநோதம் உண்டு. வாகனத்தின் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கோ 50 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. இதனால் கூரைக்கண்ணாடியின் விலையில் தேய்மானம் பிடிக்காத நிறுவனம் அதைச் சுற்றிய ரப்பர் பீடிங்கின் விலையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். பசை, பிரைமர் போன்ற நுகர்பொருள்களின் செலவு, அதற்கெனக் கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தாலன்றி உரிமையாளர் தலையிலேயே விழும். பணம் குறைவென்றாலும் கண்காணிக்க வேண்டியது பில்லில் உள்ள அந்த நுகர்பொருள் வரியைத்தான்: பாலியூரிதேன் குழாய்க்குக் காலாவதித் தேதி உண்டு, திறந்த குழாய் மறுநாளைக்கு உதவாது. எந்தப் பசை, எந்தத் தொகுதி எண், எந்தத் தேதி வரை செல்லும் என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரும்படி கேட்பதற்கு உரிமையாளருக்கு முழு உரிமை இருக்கிறது, நல்ல பட்டறை கேட்காமலே எழுதித் தரும்.