ஜாக்கி கூகன்: குழந்தை நடிப்பும் வருவாய் உரிமையும்

முன்னுரை

அமெரிக்கத் திரைப்பட வரலாற்றில் ஜாக்கி கூகன் (1914–1984) இரு காரணங்களுக்காக நினைக்கப்படுகிறார். சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ (1921) படத்தில் அநாதைச் சிறுவனாக நடித்தவர் என்பது ஒன்று. குழந்தை நடிகர்களின் வருவாயைக் காக்கும் நோக்கில் 1939இல் கலிபோர்னிய மாநிலம் இயற்றிய சட்டம் அவர் பெயரால் வழங்குகிறது என்பது மற்றொன்று. முதலாவது திரைப்படக் கலை பற்றிய நூல்களிலும் இரண்டாவது சட்டம் பற்றிய நூல்களிலும் இடம்பெறும். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு கேள்வி தெளிவாக எழுகிறது: படக்கருவியின் முன் குழந்தை செய்வது விளையாட்டா, உழைப்பா? கூகனின் திரைவாழ்வை இக்கேள்வியின் வழியே இக்கட்டுரை நோக்குகிறது.

சாப்ளினின் பயிற்சிமுறை

கூகனின் தந்தை பல்சுவை மேடைகளில் ஆடிய கலைஞர். 1919இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஆர்ஃபியம் அரங்கில் தந்தையின் நிகழ்ச்சிக்கிடையே மேடையேறி ஆடிய சிறுவனைச் சாப்ளின் கண்டார். அவ்வாண்டு சூலையில்தான் சாப்ளினின் முதல் குழந்தை பிறந்து மூன்று நாளில் இறந்திருந்தது. ‘எ டேஸ் பிளஷர்’ என்னும் குறும்படத்தில் சிறு வேடம் தந்து பார்த்தபின், ‘தி கிட்’ படத்தின் தலைப்புப் பாத்திரத்தைக் கூகனுக்கு அவர் அளித்தார்.

படம் வெளிவந்தபோது கூகனுக்கு வயது ஆறு. பார்த்தவர்கள் பெரிதும் வியந்தது அவரது ‘இயல்பான’ நடிப்பை. ஆனால் அவ்வியல்பு உருவான முறையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பேசாப்படக் காலத்தில் இயக்குநர் படக்கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடிகருக்குக் குரல்கொடுத்து வழிநடத்த முடியும். சாப்ளின் ஒவ்வோர் அசைவையும் தாமே நடித்துக்காட்டுவார். சிறுவன் அதைப் பார்த்துச் செய்வான். வீட்டுக் கண்ணாடிகளைச் சிறுவன் கல்லெறிந்து உடைக்க, பின்னாலேயே கண்ணாடிப் பலகைகளைச் சுமந்துகொண்டு நாடோடி வந்துசேரும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கல்லை ஓங்கும் கை பின்னால் நிற்கும் காவலர்மீது பட, அதை உணர்ந்ததும் சிறுவன் கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடுவதுபோல் பாவனை செய்து மெல்ல நழுவுகிறான். இதிலுள்ள காலக்கணிப்பு தற்செயலாக வாய்ப்பதன்று. மேடைக் கலைஞனின் மகனுக்கு இருந்த போலச்செய்யும் திறனும் இடைவிடாத ஒத்திகையும் சேர்ந்து விளைந்தது.

அநாதை இல்ல அலுவலர்கள் சிறுவனை வண்டியிலேற்றிச் செல்லும் காட்சி இன்னும் முக்கியமானது. கைகளை நீட்டி அழும் அம்முகமே படத்தின் அடையாளமாக நிலைத்துவிட்டது. சிறுவனுக்கு அழுகை வராதபோது, தந்தை அவனைத் தனியே அழைத்துச்சென்று, அழாவிட்டால் உண்மையான அநாதை விடுதிக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டினார் என்று சாப்ளின் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். உலகம் கண்டு உருகிய கண்ணீர் அவ்வாறு பெறப்பட்டது. சாப்ளின் இதை ஒரு வேடிக்கை நிகழ்ச்சி போலவே சொல்லிச்செல்கிறார். பெற்றோரை இழக்கும் அச்சத்தைப் பெற்றவரே மூலப்பொருளாக்கினார் என்பதை இன்றைய வாசகர் அவ்வளவு எளிதாகக் கடக்கமாட்டார்.

சந்தைப்பொருளான சிறுவன்

அடுத்த ஆறாண்டுகளில் கூகன் அமெரிக்காவின் மிகப் பெரிய நட்சத்திரங்களுள் ஒருவரானார். ‘பெக்ஸ் பேட் பாய்’ (1921), லான் சேனியுடன் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ (1922), ‘எ பாய் ஆஃப் ஃபிளாண்டர்ஸ்’ (1924), ‘தி ராக் மேன்’ (1925) எனப் படங்கள் தொடர்ந்தன. இவற்றுள் பலவற்றிலும் அவர் ஏற்றது வறிய, ஆதரவற்ற சிறுவன் வேடமே. வேர்க்கடலை வெண்ணெய், எழுதுதாள், ஊதல், பொம்மை, இசைத்தட்டு எனப் பலவகைப் பண்டங்கள் அவர் பெயரையும் உருவத்தையும் தாங்கி விற்பனையாயின. 1924இல் நியர் ஈஸ்ட் ரிலீஃப் அமைப்புக்காக அவர் மேற்கொண்ட பயணத்தால் அகதிக் குழந்தைகளுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள உணவும் உடையும் திரண்டன.

நெற்றியை மறைத்துத் தொங்கிய அவரது முடியும் முதலீடாகவே பேணப்பட்டது. 12 வயதில் அம்முடியை வெட்டியாக வேண்டியிருந்தபோது, அதையே பொருளாக்கி ‘ஜானி கெட் யுவர் ஹேர் கட்’ (1927) என்னும் படம் எடுத்தனர். ஒரு சிறுவன் வளர்வதுகூட விளம்பரத்திற்குரிய நிகழ்வாகிவிட்டது. அதன்பின் வாய்ப்புகள் அருகின. ‘டாம் சாயர்’ (1930), ‘ஹக்கிள்பெரி ஃபின்’ (1931) ஆகிய பேசும்படங்கள் அச்சரிவைச் சற்றே தாமதப்படுத்தின.

வழக்கும் சட்டமும்

1935 மே மாதம் நேர்ந்த மகிழுந்து விபத்தில் கூகனின் தந்தையும் இளம் நடிகர் ஜூனியர் டர்கினும் உட்பட நால்வர் இறந்தனர். கூகன் மட்டுமே உயிர்தப்பினார். அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு 21 வயது நிறைந்தது. சிறுவயதில் தாம் ஈட்டியது தமக்குக் கிடைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். தாயோ குடும்பத்தின் நிதி ஆலோசகரான ஆர்தர் பெர்ன்ஸ்டீனை மணந்துகொண்டார். பணம் கைக்கு வரவில்லை. 1938இல் கூகன் இருவர்மீதும் வழக்குத் தொடுத்தார்.

கூகன் ஈட்டியது 30 முதல் 40 லட்சம் டாலர்வரை இருக்கும் என மதிப்பிடப்பட்டது. இறுதியில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,26,000 டாலர். சட்டம் தாயின் பக்கமே இருந்தது. தந்தையின் பராமரிப்பில் வாழும் பிள்ளையின் உழைப்பும் வருவாயும் பெற்றோருக்குரியவை என்பது ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபு. கலிபோர்னியக் குடிமைச் சட்டமும் அதையே ஏற்றிருந்தது. பண்ணையிலும் பட்டறையிலும் குடும்பம் ஒன்றாக உழைத்த காலத்து விதி அது. ஒரு சிறுவனின் வருவாயில் குடும்பமே செல்வச் செழிப்பில் வாழ்வதை அவ்விதி எண்ணிப்பார்த்திருக்க முடியாது.

இவ்வழக்கில் பெற்றோர் தரப்பின் வாதம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஜாக்கி மகிழ்ச்சியாகத்தான் இருந்தான், படக்கருவியின் முன் விளையாடுவதாகவே எண்ணியிருந்தான் என்பது அவர்கள் கூற்று. ‘தி கிட்’ படத்தைப் புகழ்ந்தவர்கள் ‘இயல்பு’ என்று பாராட்டியதும் நீதிமன்றத்தில் ‘விளையாட்டு’ என்று சொல்லப்பட்டதும் வெகுதொலைவில் இல்லை. பெற்றோரின் உரிமைக்கு அடிப்படை பழைய சட்டவிதியே. எனினும் அவ்விதி அறமற்றதாகத் தோன்றாமல் இருக்க இப்பார்வை துணைசெய்தது. இது கூகன் குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்திய 1938ஆம் ஆண்டின் கூட்டாட்சி நியாயத் தொழில் தரநிலைச் சட்டமும் திரைப்படங்களிலும் நாடகங்களிலும் நடிக்கும் குழந்தைகளுக்கு விலக்களித்தது.

1939இல் வந்த ‘கூகன் சட்டம்’ இக்குறையை முற்றும் களைந்தது என்று எழுதுவோர் உளர். அது சரியன்று. வயது நிறையாதவர் தாம் செய்த ஒப்பந்தத்தைப் பின்னர் மறுத்துவிடலாம் என்பது படநிறுவனங்களுக்கு இருந்த அச்சம். நீதிமன்ற ஒப்புதல் பெற்ற ஒப்பந்தத்தை அவ்வாறு மறுக்க முடியாது. அவ்வொப்புதலை வழங்கும்போது நிகர வருவாயின் ஒரு பகுதியைக் குழந்தைக்கென ஒதுக்க நீதிபதி ஆணையிடலாம் என்பதே புதிய ஏற்பாடு. ஒப்புதலுக்கு வராத ஒப்பந்தங்களை அது தொடவில்லை. வருவாய் பெற்றோருடையது என்னும் அடிப்படை விதியையும் மாற்றவில்லை. ஷெர்லி டெம்பிள் 1988இல் வெளியிட்ட தன்வரலாறு இதற்குச் சான்று. ஏறத்தாழ 32 லட்சம் டாலர் ஊதியத்தில் தமக்கென எஞ்சியிருந்தது 44,000 டாலரே என்றும், நீதிமன்றம் ஆணையிட்டபடி தந்தை பணத்தை வைப்பில் இடவில்லை என்றும் அவர் அதில் பதிவுசெய்துள்ளார்.

பிந்திய ஆண்டுகள்

கூகன் 1941இல் படையில் சேர்ந்தார். 1944இல் வடகிழக்கு இந்தியாவிலிருந்து புறப்பட்ட மிதவை வானூர்திகளுள் ஒன்றை ஓட்டிச்சென்று பர்மாவில் சப்பானியப் படைவரிசைக்குப் பின்னால் இறங்கினார். 1964 முதல் 1966 வரை ஒளிபரப்பான ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ தொலைக்காட்சித் தொடரில் மொட்டைத்தலை மாமா ஃபெஸ்டராக நடித்து மீண்டும் புகழ்பெற்றார். முடியால் அறியப்பட்ட சிறுவனை அடுத்த தலைமுறை முடியில்லாத முதியவராகவே அறிந்தது.

அவர் 1984இல் மறைந்தார். அவர் பெயரிலான சட்டம் உண்மையான பொருளில் திருத்தப்பட்டது அதற்கும் 16 ஆண்டுகள் கழித்தே. 2000 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், குழந்தையின் வருவாய் குழந்தைக்கே உரியது என முதன்முறையாக அறிவித்தது. நீதிமன்ற ஒப்புதல் இருப்பினும் இல்லாவிடினும் மொத்த வருவாயில் 15 விழுக்காட்டைத் தனி வைப்பில் இடுவதையும் கட்டாயமாக்கியது. 2024இல் கலிபோர்னியா இப்பாதுகாப்பை இணையக் காணொளிகளில் தோன்றும் குழந்தைகளுக்கும் விரித்தது. எஞ்சிய 85 விழுக்காடும் சட்டப்படி குழந்தையின் உடைமையே என்றாலும், அதையும் வைப்பில் இட்டாக வேண்டும் என்னும் கட்டாயம் இன்றும் இல்லை.