ஐயர் வீட்டில் மூணு நாள் லீவு

'ஐயர் வீட்டில் மட்டன் குழம்பு' என்றால் சென்னைக்காரர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். திருநெல்வேலிச் சீமையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே சி.எஸ்.ஐ. சபை போதகருக்கும் 'ஐயர்' என்றுதான் பெயர். அவர் மனைவி 'ஐயரம்மா'. குடியிருக்கும் வீடு குருமனை.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது அப்படி ஓர் ஐயருக்கு. "ஈஸ்டருக்கு வந்து இருந்துட்டுப் போயேன்டா" என்று 2024-ல் கூப்பிட்டாள்.

மார்ச் 21 அன்றோ, அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் ஒரு வருஷம் மார்ச்சில் வரும், ஒரு வருஷம் ஏப்ரலில் வரும். 2024-ல் வந்த தேதி மார்ச் 31. நிதியாண்டின் கடைசி நாள்! அரசாங்க வரவு செலவு பார்க்கும் வங்கிக் கிளைகளை அந்த ஞாயிறும் திறந்து வைக்கச் சொல்லியிருந்தது ரிசர்வ் வங்கி. பி.காம். படித்த எனக்கு அந்த ஊழியர்கள்மேல் ஒரே பரிதாபம். அக்கா வீட்டுக்குப் போனதும் பரிதாபத்தை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

வியாழன் ராத்திரி போய் இறங்கினால், அத்தானும் அக்காவும் கோயிலில். இயேசு சீஷர்களோடு கடைசியாகச் சாப்பிட்டதை நினைத்து நடக்கும் ஆராதனை. வீட்டில் மகள் மட்டும், கணக்குப் புஸ்தகத்தோடு. திங்கட்கிழமை, ஏப்ரல் 1, பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை.

"மாமா, நீங்க பி.காம்.தானே? இந்த ஏற்றக்கோணத்தைச் சொல்லிக் குடுங்க."

பேலன்ஸ் ஷீட் என்றால் ஒரு கை பார்த்திருப்பேன். கோபுரத்தின் உயரம் கேட்கிறாள்! "உங்கப்பா வரட்டும்" என்று நழுவினேன்.

வெள்ளிக்கிழமை அப்பா வரவில்லை. பகல் 12 மணி முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று ஏற்பாடு. பிரசங்கியார்களின் பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது உங்களுக்கே தெரியும். முடிந்ததும் ஊருக்கே கஞ்சி. அண்டா பக்கத்தில் அக்கா. காலையில் அங்கியை இஸ்திரி போட்டதும் அவள்தான், பெண்கள் ஐக்கிய சங்கத்தைக் கூட்டிப் பாட்டுப் பழக்கியதும் அவள்தான். சம்பளம் ஐயருக்கு மட்டும். அக்காவின் உழைப்பை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். எந்த லெட்ஜரிலும் இடமில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் பூரா உனக்குத்தான்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார் அத்தான்.

சனிக்கிழமை காலையில் ஒரு பாட்டி இறந்துபோனார். அந்த மத்தியானம் பாட்டிக்குப் போய்விட்டது.

மகள் புஸ்தகத்தைப் பட்டென்று மூடினாள். "செத்தவங்களுக்கு இருக்கிற டைம்கூட எனக்கு இல்லை, மாமா."

அக்கா காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு மணி அடித்தது. முதல் ஆராதனை கல்லறைத் தோட்டத்தில். புதுசாக வெள்ளையடித்த கல்லறைகளில் எல்லாம் மெழுகுவர்த்தி. ஒன்றே ஒன்று மட்டும் வெறும் மண்மேடு. முந்தின நாள் மண். அதன் பக்கத்தில் அந்தப் பாட்டியின் வீட்டுக்காரர், வத்திப்பெட்டியும் கையுமாக நின்றார். கை நடுங்கி, குச்சி அணைந்து அணைந்து போனது. 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்று சொல்ல வேண்டிய அத்தான், முதலில் அவரிடம் போய்க் குனிந்து மெழுகுவர்த்தியை ஏற்றினார். அவர் அத்தான் கையைப் பிடித்தார். விடவே இல்லை. அத்தனை சபையும் காத்திருந்தது. அத்தானும் கையை உருவிக்கொள்ளவில்லை.

திரும்பி நடக்கும்போது மகள் கேட்டாள்: "நேத்து அப்பா போகலேன்னா, அந்தத் தாத்தாவுக்கு யாரு மாமா?"

எனக்கு இதற்கும் விடை தெரியவில்லை.

அத்தோடு முடிந்ததா? ஒரு சேகரம் என்றால் பல ஊர்க் கோயில்கள். பிரசங்கம் உபதேசியாரே செய்துவிடலாம், திருவிருந்து கொடுக்க ஐயர்தான் வர வேண்டும். பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று ஊர் சுற்றிவிட்டு, மத்தியானம் 2 மணிக்கு மட்டன் குழம்புக்கு வந்து சேர்ந்தார். கண் இரண்டும் கோவைப்பழம்.

கை கழுவியதும் படுப்பார் என்று பாய் விரித்தேன். அவர் லுங்கியும் பனியனுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, "கொண்டா புஸ்தகத்தை" என்றார்.

"தூங்குங்கப்பா, நான் பாத்துக்கிடுதேன்."

"கொண்டாங்கேன்ல்லா!"

எதிரே கோயில் கோபுரம். "அதோட அடியிலருந்து நீ 30 மீட்டர் தள்ளி நிக்கே. ஏற்றக்கோணம் 30 டிகிரி. உயரம் என்ன?" மகள் நோட்டில் கோடு போட்டாள். கொஞ்ச நேரத்தில் 17.32 வந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது என்பதுதான் விசேஷம்.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டைத் தட்டினார் ஒருவர். "ஐயா இருக்காங்களா?"

அத்தான் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா முந்திக்கொண்டாள். நேரே கேட்டுக்குப் போனவள், முகம் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"ஐயருக்கு நாளைக்குப் பரீட்சை. படிச்சிட்டிருக்காங்க. சாயந்தரம் வாங்களேன்!"