இளவரசன் ஓடிப் பழகிய கார் நிறுத்துமிடம்

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' விளையாடியவர்களுக்கு அந்த ஓட்டம் மறக்காது. வெள்ளை உடுப்புக்காரன் ஓடிவருவான். விசையை விட்டால் சட்டென்று நிற்கமாட்டான், சற்றுச் சறுக்கித்தான் நிற்பான். பள்ளத்தைத் தாண்டும்போது விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குவான். 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கும் அடுத்த ஆண்டு டாஸ் கணினிகளுக்கும் வந்த விளையாட்டு இது. திரையில் ஓர் உருவம் இவ்வளவு உடல் கனத்தோடு அசைந்தது அன்று புதுமை.

இதை வடிவமைத்து, வரைந்து, நிரலும் எழுதியவர் ஜோர்டன் மெக்னர். எப்படிச் செய்தார் என்பதை இன்று அணு அணுவாகத் தெரிந்துகொள்ள முடிகிறது. வீடியோ நாடா, புகைப்படங்கள், வரைபடத் தாள்கள், நாட்குறிப்புகள் என்று அவர் சேர்த்துவைத்தவைதான் காரணம். அவற்றில் ஒரு பகுதி இப்போது நியூயார்க் மாநிலம் ராசெஸ்டரில் உள்ள 'தி ஸ்ட்ராங்' தேசிய விளையாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு தாவலுக்குப் பின்னால்

1985இல் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டிவிட்டு, சப்பாக்குவா ஊரில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவும் தாவவும் தொங்கவும் வைத்தார். அதை வி.எச்.எஸ். நாடாவில் பதிவுசெய்தார். ஆனால் அந்தக் காலத்துக் கணினிக்குள் வீடியோவை நேரடியாக ஏற்ற வழியில்லை.

எனவே நாடாவை ஓட்டி, நிறுத்தி, இருட்டறையில் டி.வி. திரையையே 35 மி.மீ. கேமராவால் புகைப்படம் எடுத்தார். படங்களைக் கழுவிப் பிரதி போட்டு, வரிசையாகத் தாளில் ஒட்டினார். கறுப்பு மார்க்கரும் வெள்ளைத் திருத்த மையும் கொண்டு ஒவ்வொன்றிலும் பின்னணியை மறைத்து, உருவத்தை மட்டும் பிரித்தெடுத்தார். அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து, அதன் பிறகே கணினிக்குள் கொண்டுபோனார். அங்கும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு படத்தையும் புள்ளி புள்ளியாகத் திருத்த வேண்டியிருந்தது.

வாள்சண்டைக்கு மாதிரி கிடைத்தது சினிமாவிலிருந்து. 1938இல் வந்த 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹுட்' படத்தின் உச்சக்கட்டத்தில் எரோல் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் மோதுவார்கள். இருவரும் பக்கவாட்டில் முழுமையாகத் தெரிவது சில விநாடிகள்தான். அந்தத் துண்டே மெக்னருக்குப் போதுமானதாக இருந்தது.

விளையாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முடிந்த வேலை தன் சாரக்கட்டை மறைத்துவிடும். ஒட்டுப்போட்ட தாள்தான் காட்டிக்கொடுக்கும்.

குறிப்பில் இருப்பது

மெக்னர் அந்த ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்புகள் பின்னர் நூலாகவும் வந்தன. வேலையை விட்டுவிட்டுத் திரைக்கதை எழுதப் போகலாமா என்ற ஊசலாட்டம் அவற்றில் இருக்கிறது. தொழில்நுட்ப முடிச்சுகளும் இருக்கின்றன.

அவற்றில் ஒன்று நிழல் மனிதனின் கதை. கணினியின் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. இளவரசனின் அசைவுகளே அதை அடைத்துக்கொண்டதால், எதிரி ஒருவனைப் புதிதாக வரைய இடமில்லை. அப்போது பிடிபட்ட உபாயம் இது: இளவரசனின் அதே படத்தை ஒரு புள்ளி தள்ளி, அதன் மேலேயே பொருத்தி, இரண்டிலும் ஒத்துப்போகும் புள்ளிகளை அணைத்துவிடுவது. உடல் மறைந்து, மினுங்கும் விளிம்பு மட்டும் மிஞ்சும். கூடுதல் படம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு வில்லன் பிறந்தான். ரசிகர்கள் மெச்சிய கலை முடிவு, இடநெருக்கடியில் விளைந்தது.

அலமாரியில் கிடந்த வட்டுகள்

தாள்கள் தப்பின, மூல நிரல் காணாமல் போயிருந்தது. மெக்னர் பல ஆண்டுகள் தேடியும் கிடைக்கவில்லை. 2012இல் அவருடைய தந்தை பிரான்சிஸ் மெக்னர், விளையாட்டின் இசையை அமைத்தவரும் அவர்தான், தன் வீட்டு அலமாரியை ஒழித்தபோது ஒரு பெட்டியில் 3.5 அங்குல வட்டுகள் அகப்பட்டன.

கிடைத்ததாலேயே படித்துவிட முடியாது. காந்தப் பதிவு நாளாக ஆக மங்கும். தவிர, பழைய ஆப்பிள் வட்டுகள் சுழலும் வேகமே வேறு, சாதாரண பி.சி. டிரைவ் அவற்றை வாசிக்காது. இணைய ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்த ஜேசன் ஸ்காட்டும் பழைய ஆப்பிள் கருவிகளில் தேர்ந்த டோனி டயஸும் உரிய இயந்திரங்களோடு வந்து அதே ஆண்டு ஏப்ரலில் தரவை மீட்டனர். மெக்னர் அந்த நிரலை எவரும் படிக்கும்படி கிட்ஹப் தளத்தில் வெளியிட்டார். சேர்த்துவைப்பது பாதிப் பாதுகாப்பு. வாசிக்கக் கருவியும் ஆளும் இருந்தால்தான் மீதிப் பாதி.

நிறுவனங்கள் ஏன் தொலைக்கின்றன?

பெரிய நிறுவனங்களிடம் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். 2002இல் வந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்' விளையாட்டை 2013இல் உயர்தரத்தில் மறுவெளியீடு செய்ய முனைந்தபோது, மூலத் தரவு பலவும் இல்லாததால் மீண்டும் உருவாக்க வேண்டியதாயிற்று. 2012இல் வந்த 'சைலன்ட் ஹில்' தொகுப்புக்கு முடிவான நிரல் கிடைக்கவில்லை. முற்றுப்பெறாத பிரதியை வைத்தே ஒப்பேற்றினார்கள். விளையாட்டு கடைக்குப் போனதும் குழு கலையும், கணினிகள் அடுத்த வேலைக்குத் துடைக்கப்படும், நிறுவனம் கைமாறும். மெக்னரின் விளையாட்டை வெளியிட்ட பிராடர்பண்டும் 1998இல் இன்னொரு நிறுவனத்திடம் போனது.

விளையாட்டுகளே அருகிவருகின்றன. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியானவற்றில் 87 விழுக்காடு இன்று முறையாக விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையின் 2023 ஆய்வு காட்டியது. உருவாக்க ஆவணங்களையும் திரட்டும் அந்த அமைப்பு, 2025 ஜனவரியில் தன் மின்னூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது.

இனி யார் வைத்திருப்பார்?

மெக்னரின் சேகரிப்பு தப்பியதற்கு மூன்று காரணங்கள். பதிப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வேலையின் பெரும்பகுதி காகிதத்தில் நடந்தது. பெட்டியைக் குப்பையில் போடாத ஒரு வீடு இருந்தது. இன்றைய கேம் ஓவியருக்கு இவற்றில் பெரும்பாலும் எதுவும் இல்லை. வரைவது டேப்லட்டில், கோப்பு இருப்பது நிறுவனத்தின் சர்வரில், ரகசிய ஒப்பந்தம் காரணமாக ஒரு வரைவுப் படத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அருங்காட்சியகங்கள் பிற்காலத்தில் தேடி வரும்போது கொடுப்பதற்குப் பெட்டி இருக்காது. விளையாட்டு வெளியாகிக் குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்து ஓவியர் தன் வரைவுகளின் பிரதியை வைத்துக்கொள்ளலாம் என்று பணி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தால், நிறுவனத்துக்கு அதனால் பெரிய செலவில்லை.