விளைவித்தவரே விற்கும் சந்தை

மரக்கறிச் செய்கையிலே கமக்காரர் படும் பாடு அறுவடையோடு முடிவதில்லை. பறித்தவை வாடுமுன் விலைப்பட வேண்டும். காத்திருக்க இயலாதவரிடம் தரகர் சொன்னதே விலையாகிவிடும். ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள சியாட்டில் நகரிலும் 1907 ஆம் ஆண்டில் இதே முறைப்பாடு எழுந்தது. அதற்கு அந்நகர் கண்ட பரிகாரமே பைக் பிளேஸ் என்னும் பொதுச் சந்தையாகும்.

அந்நாளில் அயற்புறக் கமக்காரர் தம் விளைபொருளைத் தரகு வியாபாரிகளிடம் ஒப்படைத்துச் செல்வர். விற்றபின் தரகு போக எஞ்சியதே அவர்க்குக் கிடைக்கும். செய்கைச் செலவுக்கே அது போதாதிருந்த வேளைகள் பல. 1906 க்கும் 1907 க்கும் இடையில் நகரிலே வெங்காய விலை பத்து மடங்காகியது. வாங்குவோர் கொதித்தனர், விளைவித்தோருக்கும் நிறைவில்லை. எனவே நகரசபை உறுப்பினர் தோமஸ் றெவெல் என்பார், கமக்காரர் தம் வண்டியிலிருந்தே நேராக விற்பதற்கு ஒரு தெருவை ஒதுக்க வேண்டுமெனச் சபையை இணங்கச் செய்தார்.

1907 ஆகஸ்ட் 17 ஆந் திகதி சனிக்கிழமை சந்தை திறந்தது. வந்த கமக்காரர் ஏறத்தாழப் பத்துப் பேரே. கூடைகளோடு திரண்ட மக்களோ ஆயிரக்கணக்கினர். நண்பகலுக்கு முன்னரே வண்டிகள் யாவும் வெறுமையாயின. வெறுங் கூடையுடன் வீடு திரும்பியோர் பலர். அவ்வாண்டு நவம்பர் முடிவிலேயே கூரையிட்ட முதற் கட்டிடமும் எழுந்தது. மழையானாலும் வெயிலானாலும் இன்ன இடத்தில் இன்ன பொருள் கிடைக்கும் என்னும் உறுதி பிறந்தபின், வாங்குவோர் நாள்தோறும் வரலாயினர்.

கூரையிலும் பெரிது அங்குள்ள விதி. கமக்காரர்க்கென ஒதுக்கிய மேசைகளில், தாம் விளைவித்ததையே விற்கலாம். பிறரிடம் வாங்கி விற்போருக்கு வேறு கடைகள் உண்டு. இவ்வேறுபாட்டைக் காவாத சந்தை விரைவிலே வியாபாரிகளின் சந்தையாகிவிடும்.

இடர்களும் வந்தன. அம்மேசைகளிற் பெரும்பகுதியை நடத்தியவர் யப்பானிய வமிசத்தினர். 1942 இல், யப்பானுடன் போர் மூண்டதைக் காரணங் காட்டி, விசாரணை யாதுமின்றி அவர்களை அரசாங்கம் தடுப்பு முகாம்களுக்கு அகற்றியது. விளைநிலமும் மேசையும் வெறுமையாயின. திரும்பி வந்து பழைய தொழிலைத் தொடர்ந்தோர் சிலரே. பின்னர்ப் பெருங்கடைகள் பெருகின. பள்ளத்தாக்கு நிலங்களிலே தொழிற்சாலைகள் எழுந்தன. 1960 களிற் சந்தையின் பெரும்பகுதியை இடித்து உயர்மாடிகள் கட்டத் திட்டமிடப்பட்டது. கட்டிடக்கலைஞர் விக்டர் ஸ்ரைன்புறூக் முதலியோர் இதை எதிர்த்து நின்றனர். 1971 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பிலே நகர மக்கள் சந்தையைக் காக்குமாறு தீர்ப்பளித்தனர். 1973 இல் அதை நிருவகிக்கத் தனியான பொது அமைப்பொன்று நிறுவப்பட்டது.

இன்று அங்கே உல்லாசப் பயணிகளின் நெரிசல் மிகுதி. படம் எடுப்போர் பலராயினும் கீரைக்கட்டு வாங்குவோர் அத்துணை பேரல்லர். இது கமக்காரர்க்கு நன்மையெனச் சொல்வதற்கில்லை. எனினும் அவர்கள் தம் பயிரை மாற்றிக்கொண்டனர். லாவோசிலிருந்து அகதிகளாய் வந்து குடியேறிய மொங் இனக் கமக்காரர் 1980 களிலிருந்து அங்கே பூச்செண்டுகளை விற்று வருகின்றனர். பயணிகள் கையோடு எடுத்துச் செல்லத்தக்க பொருள் அதுவே.