மருந்துக்கு அடங்காத கிருமிகள்



மழைக்காலம் வந்துவிட்டால் நம் வகுப்பறைகளில் இருமல் ஒலி கேட்கத் தொடங்கிவிடும். சளியும் காய்ச்சலும் குழந்தைகளுக்கு வருவது இயல்பே. ஆயினும், சில வேளைகளில் சளியெனத் தொடங்குவது நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியாக முற்றிவிடுகின்றது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உலகெங்கும் இந்நோயால் மாண்டனர்.

நம் நுரையீரலில் எண்ணற்ற சிறு காற்றறைகள் உள்ளன. கிருமிகள் அங்குப் புகுந்து பெருகும்பொழுது, காற்று நிரம்பவேண்டிய அறைகளில் நீரும் சீழும் நிரம்புகின்றன. குழந்தை மூச்சுக்குத் திணறுகின்றது. வைரசுகளாலும் இந்நோய் வரும், பாக்டீரியாக்களாலும் வரும். பாக்டீரியாக்களுள் முதன்மையானது நியுமோகாக்கஸ் என்பதாகும்.

பாக்டீரியாக்களை அழிக்கும் பெனிசிலினை அலெக்சாண்டர் பிளெமிங் 1928-இல் கண்டறிந்தார். அதனால் உயிர் பிழைத்தோர் பலர். ஆனால், 1945-இல் நோபல் பரிசு பெற்றபொழுதே அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். போதாத அளவில் மருந்து கொடுத்தால், கிருமிகள் சாகாமல் அதனைத் தாங்கும் வலிமை பெற்றுவிடும் என்றார். அவர் அஞ்சியவாறே நடந்தது. பெனிசிலினுக்கு எளிதில் அடங்காத நியுமோகாக்கஸ் 1967-இல் ஆஸ்திரேலியாவில் அறியப்பட்டது. 1977-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அத்தகைய கிருமியால் குழந்தைகள் கடும் நோயுற்றனர்.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? தோட்டத்தில் களைக்கு மருந்தடிப்போர் இதனை எளிதில் உணர்வர். மருந்து பட்டதும் பெரும்பாலான புற்கள் கருகிவிடும். அதனைத் தாங்கவல்ல ஒன்றிரண்டு மட்டும் எஞ்சி நின்று விதை பரப்பும். நாளடைவில் அடங்காத புல்லே நிலமெங்கும் நிற்கும். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லிக்கு அடங்காத புல்வகை ஒன்று 1997-இல் நம் மலேசியாவிலேயே அறியப்பட்டது. குழந்தையின் உடலிலும் இதுவே நிகழ்கின்றது. எளிய கிருமிகள் மடிய, வலியவை தங்கிப் பெருகி, இருமலின் வழியே அடுத்த குழந்தையையும் அடைகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு, முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. கிளினிக்குக்குச் சென்றால் ஒருநாள் கூலி போய்விடும் என்றெண்ணிய தாயார், அண்ணனுக்கு வாங்கி மீந்திருந்த மருந்தை இரண்டு நாள் கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது, மருந்தும் நின்றது. நான்காம் நாள் இரவு சிறுவன் மூச்சுவிட முடியாமல் தவித்தான். மருத்துவமனையில் முதலில் கொடுத்த மருந்துக்கு நோய் அடங்கவில்லை. வேறு மருந்தை நரம்பின் வழியே செலுத்திய பின்னரே பிழைத்தான். அத்தாயாரை நான் குறை கூறேன். ஒருநாள் கூலியின் அருமையைத் தோட்டத்தில் வாழ்வோர் அறிவர். எனினும், அவர் கண்ணீருடன் கழித்த பதினொரு நாள்களை நான் மறக்கவில்லை.

ஆகவே, பெற்றோர்கள் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சாதாரணச் சளிக்குக் காரணம் வைரசு. ஆன்டிபயாடிக் மருந்து அதனை அழிக்காது. ஆதலின், அம்மருந்தை மருத்துவர் கூறாமல் கொடுக்கவேண்டா. கொடுக்கச் சொன்னால், குறித்த அளவிலும் குறித்த நாள்வரையிலும் கொடுங்கள், நாமாக நிறுத்தவேண்டா. மீந்த மருந்தை வைத்திருந்து மற்றொரு பிள்ளைக்குக் கொடுத்தலும் கூடாது.

குழந்தை அமைதியாக இருக்கும்பொழுது ஒரு நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சுவிடுகின்றது என எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50-உம், ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு 40-உம் எட்டினால், உடனே கிளினிக்குக்குக் கொண்டுசெல்லுங்கள். மூச்சிழுக்கும்பொழுது விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

நியுமோகாக்கஸ் தடுப்பூசி 2020 முதல் நம் நாட்டின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. தவறாமல் போட்டுக்கொள்ளச் செய்யுங்கள். மாணவச் செல்வங்களே! இருமும்பொழுது வாயை மூடுங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

இழந்த கூலியை மறுமாதம் ஈட்டிக்கொள்ளலாம். குழந்தையின் உயிரை எங்கே ஈட்டுவது? சிந்திப்போம், செயற்படுவோம்.